அக்காவின் ஷிஃப்ட்

அறுபத்து மூன்று நாளாக நான் அக்காவின் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. தொற்று பரவியதும் அரசாங்கம் தொழிலாளர் சட்டத்தில் அவசர ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆணை இருக்கும்வரை யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. கேமராவில் முகம் காட்டச் சொல்லவும் கூடாது. அந்தக் கடைசி வரிதான் எங்களுக்குச் சோறு போட்டது. மருத்துவமனையிலிருந்து அம்மாவும் நானும் மட்டும் திரும்பிய மறுநாள், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் அக்காவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

எனக்கு வீட்டில் ஊமைக்கோட்டான் என்று பெயர். அக்கா எரிந்து விழுகிறவர்களையும் சிரிக்க வைப்பாள். மெஷின் ரொம்ப ஆடுகிறது என்று யாராவது புகார் சொன்னால், பக்கத்தில் பாட்டு ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்பாள். நானும் அதையே சொல்லிப் பார்த்தேன். மறுமுனையில் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் தொண்டை சரியில்லையா என்று விசாரித்தார். இரண்டாவது வாரம் அவரும் விட்டுவிட்டார்.

முதலில், நான் பேசும்போது காதில் விழாமலிருக்க அம்மா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். பிறகு குழாயை மூடினாள். பிறகு கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மதியம் ஹெட்போனைக் கழற்றிய பின்னும் அதே குரலில் தண்ணீர் கேட்டுவிட்டேன். அம்மா அக்காவின் டம்ளரில் கொண்டுவந்தாள்.

"இந்தாடி பெரியவளே."

வாங்கிக் குடித்தேன். அன்றிலிருந்து என் குரலில் கூப்பிட்டால் அம்மா திரும்புவதில்லை.

நேற்று ஆணையை விலக்கிக்கொண்டார்கள். இன்று சூப்பர்வைசர் அக்காவின் போனுக்குக் கூப்பிட்டார். ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது புண்ணாகியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். திங்கட்கிழமை எல்லோரும் நேரில் வர வேண்டுமாம். வராதவர்கள் வேலையை விட்டதாகக் கொள்ளப்படுவார்களாம்.

"உன் கடி ஜோக் இல்லாம ஆபீஸே எழவு வீடு மாதிரி கிடக்கும்மா. வந்துடுவல்ல?"

வாயைத் திறந்தேன். அக்காவின் குரலும் வரவில்லை, என்னுடையதும் வரவில்லை.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்து போனை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தபடியே பேசினாள்.

"இத்தன நாளா உங்ககிட்ட பேசினது சின்னவ, சார். பெரியவ செத்துப்போயிட்டா."