இரண்டு சொட்டு அமிலம்

இன்றைக்கும் பச்சை குறைந்திருந்தால் அசிட்டோன் பழசு என்று சொல்லிவிட வேண்டியதுதான். சுகந்தி இப்படி நினைத்தபடி ஏரித்தண்ணீரை வடிகட்டினாள்.

அவள் தங்கை வசுமதி பாசியாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மாதிரித் தண்ணீர் எடுக்கப் படகில் போனவள், படகு திரும்பும்போது ஏரி முழுக்க இருந்தாள். அலுவலகம் அதை விடுப்பாகக் கருதவில்லை. தினமும் ஒரு லிட்டரை வடிகட்டி, தாளில் தங்கும் பாசியை அசிட்டோனில் ஊறவைத்து, இறங்கும் பச்சையத்தைக் கருவியில் அளக்க வேண்டும். பச்சையம் இருந்தால் வசுமதி வேலைக்கு வந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் அந்த எண்ணைச் சுகந்தி எழுதுவாள்.

முதல் நாள் நாற்பத்திரண்டு. நேற்று முப்பத்தெட்டு.

வெளிச்சம் பட்டால் பச்சையம் அழியும். அதனால் கருவி இருட்டறையில் இருந்தது. அதற்குப் போகும் நடைவழி நாளுக்கு நாள் நீண்டது. இன்று பாதி வழியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்தாள். போய்ச் சேர்வதற்குள் தாள் நன்றாக ஊறியிருந்தது.

தாள் ஊறிய கண்ணாடிக் குழாய்க்குள்ளிருந்து வசுமதி பேசினாள்.

“அக்கா, என் ஊதாச் சேலையையா கட்டியிருக்க?”

“நீதான் கட்டுறதில்லையே.”

“உனக்கு அது எடுக்காது.”

கருவி நாற்பத்தொன்று காட்டியது. சுகந்திக்கு மூச்சு வந்தது.

மேலாளர் தேவசகாயம் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கும் வருவதில்லை. எப்போதும் ஏற்கெனவே நிற்பவர். எண் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆனால் செத்த பாசியும் பச்சையாகத்தான் தெரியும் என்று மேலிடத்தில் சொல்கிறார்களாம். இரண்டு சொட்டு அமிலம் விட்டு மறுபடி அளக்க வேண்டுமாம். ஏற்கெனவே செத்தது அப்படியே இருக்கும். உயிருள்ளது அமிலத்தில் சாகும், எண் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவு வசுமதி உயிரோடு இருந்தாள் என்று எழுதிக்கொள்ளலாம்.

“ஏரியில இருக்கிறது, சார்?”

“இது செத்தா அதுவும் சாகும். மாதிரின்னா அதானேம்மா.”

வாசலில் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண், வசுமதியின் செருப்பைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு சரியாக இருந்தது.

“வசுமதிகிட்டயும் கேட்டாச்சு. ஆட்சேபணை இல்லன்னுருச்சு” என்றார் அவர்.

“விட்டுரு அக்கா” என்றாள் வசுமதி. “எவ்வளவு மிச்சம் இருந்தேன்னு பாக்கணும்னு உனக்கும் இருக்கு.”

இருந்தது. அந்த ஆசை தனக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதைச் சுகந்தி பார்த்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எழுந்து போகவில்லை.

தேவசகாயம் சொட்டுக்குழலை நீட்டினார். அமிலம் நுனியில் திரண்டிருந்தது.

சுகந்தி பதிவேட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கண்ணாடிக் குழாயைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, ஊதா முந்தானையால் வெளிச்சம் படாமல் சுற்றினாள்.

“வேண்டாம் சார்” என்றாள்.

அவர் கையை மடக்கவில்லை. அவள் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.