இன்வெர்ட்டரில் ஓடிய எண்

ஐஸ் பெட்டியைக் கூடத்தில் இறக்கிய ஆட்கள் பிளக் பாயிண்ட் தேடினார்கள். கைக்கெட்டியதில் ஜெகனின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெகன் போய்ப் பிடுங்கினான். சுலபமாக வந்துவிட்டது.

எம்.எஸ்சி. கணக்கு படிக்கும் அவன் இரண்டு மாதமாகச் சோதித்துவந்தது ஒரே ஒரு எண்ணை. கோடிக்கணக்கான இலக்கம். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருவது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாதென்றால் பகா எண். உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து உலகத்துக்குப் போகும் முதல் பகா எண். சோதனையும் எளிது. நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். மீதியை மறுபடி வர்க்கப்படுத்த வேண்டும். கோடிக்கணக்கான தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் உலகப்புகழ். இன்று மதியம் முடிய வேண்டியது.

அந்த மதியம்தான் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரும் அப்பாவின் ஃபேனும் ஓடின.

"அத்த ஆஃப் பண்ணேன்டா, ஃபேன் மெதுவா சுத்துது" என்றார் கன்னியப்பன்.

"இதோ முடியப்போவுதுப்பா."

"முடிஞ்சா இன்னா வரும்?"

"பூஜ்யம் வரணும்."

"பூஜ்யத்துக்கா இம்மாம் கரண்டு?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பானது. ஆவி மருந்து மெஷினைப் போட்டதும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்தது. ஆட்டோ வந்தபோது ஏற்றுவதற்கு அவசரமில்லை. பிறகு கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து வர்க்கப்படுத்தியது. நிறுத்தினாலும் எதுவும் போகாது என்பது ஜெகனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"பொங்கலுக்குப் போட்ட பேட்டரி! ஒரு மணி நேரம் நிக்கல!" வாசலில் மாமா கத்தினார். பேட்டரிக் கடை சுப்பிரமணி மாலையோடு வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு இன்வெர்ட்டர் அருகே குந்தி மீட்டர் வைத்துப் பார்த்தார். மீட்டரில் குறையொன்றுமில்லை. பிடுங்கிக் கிடந்த ஒயரைப் பார்த்தார். அது எதில் போய் முடிகிறது என்றும் பார்த்தார்.

"இதுவும் இதுலதான் ஓடிச்சா தம்பி?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ஜெகன் வாயைத் திறந்தான்.

"எம்புள்ள காத்தாலேருந்து அவங்கப்பன் பக்கத்துலயே குந்திக்கினு கெடந்தான்மா" என்று பெட்டியருகே அம்மா யாரையோ கட்டிக்கொண்டு அழுதாள்.

மூடிக்கொண்டான்.

"இன்னாய்யா பாக்குற? டம்மி பேட்டரிதானே?" என்றார் மாமா.

சுப்பிரமணி ஜெகனைப் பார்த்தார்.

"ஆமாண்ணா. பேட்டரிதான். வேற தந்துடறேன்."

"தந்தா? ஆளு எந்திரிச்சி வந்துடுவாரா?"

சுப்பிரமணி ஸ்பேனரை எடுத்தார். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் திட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு பேட்டரியைக் கழற்றினார். ஒருபக்கம் அவர் தூக்க, மறுபக்கக் கைப்பிடியை ஜெகன் பிடித்தான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"பாத்து தம்பி, ஆசிட் தளும்பும்."

வண்டியில் ஏற்றிச் சுப்பிரமணி கயிறு கட்டி முடித்தார். ஜெகன் கைப்பிடியை விடவில்லை.