ஒரே பெட்டியில் அனுப்பவும்

அந்த வீட்டில் மூத்த மருமகளுக்குத் தெரியாமல் யாரும் ஆன்லைனில் ஓர் ஊசிகூட வாங்க முடியாது. டெலிவரி கட்டணம் என்றாலே அவளுக்கு ஆகாது. "தூக்கிட்டு வர்றதுக்குத் தனியா, பொட்டலம் கட்டுறதுக்குத் தனியா. நாளைக்கு காலிங் பெல் அடிக்கிறதுக்கும் கேப்பான்" என்பாள். அதனால் எல்லோருடைய தேவையும் அவள் போனுக்குள் போகும். இலவச டெலிவரிக்கான தொகை சேர்ந்த பிறகுதான் ஆர்டர் போடுவாள். அவள் கணவருக்கு ஒருமுறை குடை வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

இந்த முறை கேட்டது ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி, வாயில்லாப்பூச்சி. அவளுடைய ஐந்து வயது மகளின் காது மெஷினில் இருக்கும் சின்னக் குழாய் விரிசல் விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பள்ளியில் நேர்காணல். குழாயின் விலையைவிட டெலிவரி கட்டணம் இரண்டு மடங்கு இருந்தது. அதைக் கட்டப் பெரியவளுக்கு மனசு வரவில்லை. தன் அறைக்கு ஒரு திரைச்சீலையையும் சேர்த்து, 'ஒரே பெட்டியில் அனுப்பவும்' என்ற கட்டத்தைத் தொட்டாள். கட்டணம் மாயமாய் மறைந்தது.

வியாழன் மதியம் செய்தி வந்தது. திரைச்சீலை இன்னும் கிடங்குக்கே வரவில்லையாம். பெட்டி சனிக்கிழமைதான் கிளம்புமாம். உடனே போன் போட்டாள்.

"குழாய மட்டும் பிரிச்சு அனுப்புங்க. என்ன கட்டணமோ போட்டுக்கோங்க." வாழ்நாளில் முதல் தடவையாக இப்படிச் சொன்னாள்.

"ஒரே பெட்டின்னு நீங்கதானே மேடம் குடுத்திருக்கீங்க. இப்பப் புதுசாப் போட்டாலும் நாளைக்கு ராத்திரிதான் வரும்."

புதிதாகவும் போட்டாள். காது மெஷின் கடைக்கு ஓடினாள். அந்த அளவு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். விரிசலில் டேப் சுற்றிப் பார்த்தாள். மெஷின் கீச்சென்று கத்தியது, குழந்தை பிடுங்கிப் போட்டுவிட்டு அழுதது.

"வந்துடுமாக்கா?" மாலைக்குள் சின்னவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் "வந்துடும்" என்றாள் பெரியவள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்து போனாள். சின்னவள் நேர்காணலுக்கான கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் போன சுவடு தெரியாமல் திரும்பிவிட்டாள். காலையில், வண்டி லேட்டாம் என்று பழியை டெலிவரிக்காரன் தலையில் போட்டாள்.

பள்ளிக்குப் பெரியவளும் கூடப் போனாள். குழந்தையை மட்டும் உள்ளே அழைத்தார்கள். "சத்தமாப் பேசினா கொஞ்சம் கேக்கும் டீச்சர்" என்று சின்னவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். கதவு பாதி திறந்திருந்தது.

"உன் பேரு என்ன கண்ணு?"

குழந்தை சிரித்துக்கொண்டே தலையாட்டியது.

"உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

அதற்கும் தலையாட்டியது. காதில் விழாதபோது யாரும் திட்டக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும் குழந்தை அது. டீச்சர் காகிதத்தில் ஏதோ குறித்தார்.

பெரியவள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"அவளுக்கு எல்லாம் தெரியும் டீச்சர், காதுதான் கேக்கல. வண்டி லேட்டுன்னு இவ அம்மாகிட்ட நான் சொன்னது பொய். டெலிவரி காசை மிச்சம் பிடிக்க அந்தக் குழாய என் திரைச்சீலையோட சேர்த்துப் போட்டது நான்தான்."

டீச்சர் பேனாவை மூடினார். "திங்கக்கிழமை மெஷினோட கூட்டிட்டு வாங்க. இடம் மிச்சமிருந்தா பாக்கலாம்."

சின்னவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை முன்னால் நடந்தாள். அங்கே நின்று கேட்டாள்.

"எவ்வளவுக்கா அந்தக் கட்டணம்?"

பெரியவள் தொகையைச் சொன்னாள்.

"எங்கிட்ட இருந்துச்சேக்கா" என்றாள் சின்னவள்.