ஜெரெலின் நாற்பது பனியன்கள்

ஜெரெல் செத்து ஏழாவது மாதம் அவனுக்கு மீசை அரும்பியது. அமெரிக்காவின் லூசியானாவில், ஆற்றோரம் கறுப்பர்கள் குடியிருக்கும் எங்கள் டெல்ரி தெருவில் பிள்ளை யாராவது சுடப்பட்டுச் செத்தால், அடக்கத்துக்குள் அவன் படம் போட்ட பனியன் தயாராகிவிட வேண்டும். சோறு இல்லாமல் அடக்கம் நடந்திருக்கிறது, பனியன் இல்லாமல் நடந்ததில்லை. ஜெரெலுக்கு நாற்பது அடித்துக் கொடுத்தார் அச்சுக்கடை ஆல்சி. பதினாறு வயது முகம், தோள் வரைக்கும்தான் படம். அம்மா எர்லீன் ஓட்டலில் அறை துடைக்கும் கூலி மூன்று வயிற்றுக்குப் பற்றாமல், பள்ளிக்கூடத்தை விட்டுத் தட்டு கழுவப் போனவன். வேலை முடிந்து வரும்போது கையில் சுருட்டி வைத்திருந்த ஏப்ரனை, தட்டு கழுவும்போது கட்டும் துணியை, துப்பாக்கி என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் சுட்டுவிட்டார். நினைத்ததில் தப்பில்லை என்று விசாரணையும் முடிந்தது.

மீசை நாற்பது பனியனிலும் ஒரே காலையில் வந்தது. தெருவே ஆல்சியின் கடைக்குப் போய், "என்ன மைய்யா போட்ட?" என்று சண்டை பிடித்தது. "எப்பவும் போடுற மைதான். பையன் வளர்றான், அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் அவர். எர்லீனுக்கோ வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம். பதினெட்டில் அவன் தோள் அகன்றது, பத்தொன்பதில் தாடி வந்தது. அப்போதுதான் அவள் பயந்தாள். சின்னவனாக இருக்கையில் கன்னத்தைக் கிள்ளும் கடைக்காரி, வளர்ந்ததும் கைப்பையை இறுக்கிக்கொள்ளும் ஊர் இது. "அதைப் போட்டுக்கிட்டு வெளிய போகாதடி" என்று மகள் கியானாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

கியானா கேட்பவளா? மூன்றாம் வருட நினைவு நாளன்று அதைப் போட்டுக்கொண்டே ஐஸ் வாங்கக் கிளம்பினாள். அன்று எங்கோ ஒரு கடையில் திருட்டு. கறுப்பன், இருபது வயதிருக்கும், தாடி என்று அடையாளம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பொருந்தும். வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் போலீஸ் கார் மறித்தது. இறங்கியவர் துப்பாக்கியை உருவினார்.

"கையைத் தூக்கு!"

கியானா ஏற்கெனவே தூக்கியிருந்தாள்.

"நீ இல்ல. அவன்."

துப்பாக்கி ஜெரெலின் முகத்துக்கு நேராக இருந்தது. முகத்துக்குப் பின்னால் பதினைந்து வயது நெஞ்சு. எர்லீன் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"சார், அது படம் சார். என் மகன் செத்து மூணு வருஷமாச்சு. அது எம்மக நெஞ்சு சார்!"

"கிட்ட வராத! அவனைக் கையைத் தூக்கச் சொல்லு!"

அவர் விரல் விசையில் இருந்தது. அவருக்கு வியர்த்துக்கொண்டும் இருந்தது. பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன நடக்கும் என்று எர்லீனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவிலுள்ள எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதிலேயே சொல்லிக்கொடுப்பதை, அதே நிதானக் குரலில் பனியனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜெரெல், மெதுவா. விரலை விரிச்சு வை. திடீர்னு அசையாத. சார்னு சொல்லு."

படத்தின் அடியிலிருந்து இரண்டு கைகள் மெல்ல மேலே வந்தன. விரல்கள் விரிந்திருந்தன, உள்ளங்கையில் ஒன்றுமில்லை. போலீஸ்காரர் அந்த உள்ளங்கைகளை உற்றுப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை உறையில் போட்டு, ஜெரெலின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டு, அவனை இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். கொடியிலும் பெட்டியிலும் கிடந்த மற்ற முப்பத்தொன்பதிலும் அதே நேரத்தில் கைகள் உயர்ந்திருந்தன.

ஜெரெலுக்கு இப்போது இருபத்தேழு வயது. ஞாயிறுதோறும் எர்லீன் பனியனை மேசையில் விரித்து, "கையைக் கீழ போடு ராசா, அவங்க போயிட்டாங்க" என்பாள். அவன் போடுவதில்லை. அவளும், சுட்டுவிடாமல், விரல் விரலாகச் சுற்றி இஸ்திரி போடுவாள்.