ஊசல் குண்டு

உருளும் பந்து கீழே விழாமல் தட்டித் தட்டி ஆடும் பின்பால் மெஷினில் அவள் எடுத்த ஸ்கோரை ஏழு வருஷமாக யாராலும் தொட முடியவில்லை. கடைசியில் அக்கா புருஷன் தாண்டிவிட்டார். "ரிப்பேர் பாக்குற கைக்கு விளையாட்டெல்லாம் வராதும்மா" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

மெஷின் படுத்ததும் வேறு வழியில்லாமல் அவளிடமே கொண்டுவந்தார். கருகிப்போன காயில் கம்பிச்சுருளை மாற்றினாள். விழப்போகும் பந்தைத் திருப்ப யாராவது மெஷினை இடித்து ஏமாற்றினால் ஆட்டத்தை நிறுத்துவதற்காக உள்ளே ஒரு ஊசல் குண்டு தொங்க வேண்டும். அதை யாரோ கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டினாள்.

குடும்பமே சுற்றி நிற்க, மாமா ஆட வந்தார். வழக்கம்போல் இடுப்பால் ஒரு இடி இடித்தார். விளக்குகள் பொசுக்கென்று அணைந்து ஆட்டம் நின்றது. ஒரு ஆட்டத்துக்கான மூன்று பந்துக்கும் அதே கதிதான்.

"என்னத்தக் கெடுத்து வச்சிருக்க?"

"ஒண்ணும் கெடுக்கல மாமா. இடிச்சா நிக்கிறதுக்கு உள்ள ஒரு குண்டு இருக்கும். அது கழண்டு கெடந்துச்சு, மாட்டினேன்" என்றாள், அக்காவுக்கும் கேட்கும்படி. "கழட்டுனது யாருன்னு சொல்லுங்க, இப்பவே திரும்பக் கழட்டிடறேன்."