பதினேழாம் கேள்வியின் புள்ளி

அந்தப் புள்ளியை நான் வைத்தது செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு. தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

நடுநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு, அறிவியல், பதினேழாம் கேள்வி, நான்கு மதிப்பெண். படத்தில் ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், வரிசையாக அ, ஆ, இ என்று மூன்று பல்புகள், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வோல்ட்மீட்டர். சுவிட்சைப் போட்டால் எந்தெந்த பல்பு எரியும்? அவ்வளவுதான் கேள்வி. கீழே எண் போட்ட ஐந்து விடைகள், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயிற்சிப் புத்தகத்தில் உள்ள கேள்வியை அப்படியே தேர்வில் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் கண்டிப்பான விதி. கொரியாவின் தெற்குக் கடலோரத்தில் இருக்கும் இந்த மொக்போவில் பாதிப் பிள்ளைகள் இரவு பத்து மணி வரை டியூஷன் சென்டரில் அந்தப் புத்தகங்களைத்தான் கரைத்துக் குடிக்கிறார்கள். அதனால் நாங்கள் பழைய படத்தை எடுத்து, திருப்பி, இடம் மாற்றி, வேறு படம் போல ஆக்குவோம். புத்தகத்தில் மேலே இருந்த வோல்ட்மீட்டரை நான் கீழே கொண்டுவந்தேன். ஆ பல்பின் இரு பக்கமிருந்தும் இரண்டு கம்பிகள் இறங்கி, பேட்டரிக்குத் திரும்பும் அடிக்கம்பியைக் கடந்து, வோல்ட்மீட்டரைச் சேரும். அதில் வலது கம்பி அடிக்கம்பியோடு சேர வேண்டும். சேரும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்க வேண்டும். அப்போது மின்சாரம் இ பல்புக்குப் போகாமல் அந்தக் குறுக்குவழியில் இறங்கிவிடும். அ, ஆ மட்டும் எரியும். விடை எண் இரண்டு.

படத்தை நகர்த்தியபோது புள்ளி நகரவில்லை. எங்கேயோ உதிர்ந்துவிட்டது. புள்ளி இல்லையென்றால் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் தாண்டிப் போகின்றன என்று பொருள். அப்போது மூன்று பல்பும் எரியும். விடை எண் ஐந்து.

நூற்று அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். நூற்று நாற்பது பேர் இரண்டு என்று போட்டார்கள். படத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம் அவர்களுக்கு. புள்ளி இருக்கிறதா என்று யாரும் தேடவில்லை. நானும் தேடவில்லை. மற்ற வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் பியன் டீச்சர் வினாத்தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர். அவரும் பார்க்கவில்லை. ஐந்து என்று போட்டவர்கள் ஆறு பேர். அதில் ஐந்து பேர் குத்துமதிப்பாகப் போட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆறாவது ஆள் யோ ஹாரிம்.

செவ்வாய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். வெளியே மழை. வாசலில் குனிந்து வணங்கிவிட்டு, ஈரம் பட்ட செருப்பு தரையில் கிறீச்சிடாதபடி மெதுவாக நடந்து என் மேசைக்கு வந்தாள். கையில் வினாத்தாளும் ஒரு நோட்டும்.

"சார், பதினேழாவது கேள்வி பத்தி ஒரு நிமிஷம் பேசலாமா?"

"பேசும்மா. சாப்டியா?"

"சாப்ட்டேன் சார். இந்த இடத்துல புள்ளி இல்ல சார்."

வினாத்தாளை என் முன்னால் வைத்து, விரலால் தொடாமல் பென்சில் முனையால் காட்டினாள். பிறகு நோட்டைத் திறந்தாள். ஏப்ரல் மாதப் பக்கம். நான் கரும்பலகையில் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருந்தாள்: 'புள்ளி இருந்தால் கைகுலுக்கல். புள்ளி இல்லையென்றால் மேம்பாலம்.' பக்கத்தில் நான் வேடிக்கைக்கு வரைந்த காரையும் விடவில்லை. பாலத்தின் மேல் அது போய்க்கொண்டிருந்தது.

பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் சரி. நான் தவறு.

"ஒரிஜினல் ஃபைலைப் பாக்கணும்மா. ஆறாவது பீரியட் முடிஞ்சு வா," என்றேன்.

அவள் போனதும் கணினியில் படத்தைத் திறந்தேன். புள்ளி இல்லை. ஏப்ரலில் கணக்குத் தேர்வில் ஒரு கேள்வி தப்பாகி, கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. துணைத் தலைமையாசிரியர் கூட்டத்தில் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து, "இந்த வருஷத்துக்கு ஒண்ணு போதும்," என்றிருந்தார். அந்த ஆண்டு நான் இடமாற்றம் கேட்டு எழுதியிருந்தேன். இவை காரணங்கள். காரணங்கள் எனக்கு வேகமாக வந்தன. ஒரு வட்டம், கறுப்பு நிறம், சரியான இடம். சேமி. ஒன்று நாற்பது.

ஆறாவது பீரியட் முடிந்து அவள் வந்தபோது திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"பாரு, ஃபைல்ல இருக்கு. பிரிண்ட் எடுக்கறப்ப விட்டுப்போச்சு. நூத்தி நாப்பது பேருக்குப் புரிஞ்சிருக்கே? கேள்வி என்ன கேக்குதுங்கறது தெளிவாத்தான் இருக்கு. நீதான் ரொம்ப நுணுக்கமா பாத்துட்ட."

திரையை வெகுநேரம் பார்த்தாள். நான் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தேன், எதற்கென்று இல்லாமல்.

"சரிங்க சார்," என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய மதிப்பெண்ணைக் கணக்கிட்டேன். பருவத்துக்கு மொத்தம் 88.9. தொண்ணூறு இருந்தால் ஏ கிரேடு. பருவ மொத்தத்தில் இந்தத் தேர்வின் பங்கு முப்பத்தைந்து சதவீதம்; அந்த நான்கு மதிப்பெண் சேர்ந்தால் 90.3. ஹாரிம் அறிவியல் உயர்நிலைப்பள்ளிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அங்கே முதலில் பார்ப்பது கணக்கும் அறிவியலும் என்ன கிரேடு என்பதை. அடுத்ததாக, பாட ஆசிரியர் எழுதும் சிபாரிசுக் கடிதம். நானே எழுதித் தருகிறேன் என்று மே மாதம் அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஆட்சேபம் சொல்ல மூன்று நாள். அது முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் வகுப்புக்கு வரும். ஒவ்வொருவரும் தன் வரிசையைப் பார்த்து, கடைசிக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். வியாழக்கிழமை பட்டியல் மேசை மேசையாக நகர்ந்தது. ஹாரிமிடம் வந்ததும் நின்றது.

முன் மேசை சொல்பி திரும்பினாள். வகுப்பில் அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

"சீக்கிரம் போடுடி. உத்துப் பாத்தா நம்பர் குட்டி போடுமா?"

"இரு, போடறேன்."

"சார் பாவம், பிரிண்டர் செஞ்ச தப்புக்கு நீ அவர வறுத்தெடுத்தியாமே?"

ஹாரிம் கையெழுத்திட்டாள். மற்றவர்களெல்லாம் கிறுக்கியிருந்த இடத்தில் அவள் மட்டும் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதியிருந்தாள். பட்டியல் என் கைக்கு வந்ததும் அந்தக் கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் பாடம் நடத்தினால் எந்த வகுப்பும் கேட்காது. திங்கட்கிழமை எல்லோரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் சுற்றை வரைய வேண்டும், என்னிடம் காட்ட வேண்டும், பிறகுதான் கம்பியைத் தொடலாம். சொல்பியின் குழு கொண்டுவந்த படத்தில் கம்பி சேரும் இடமெல்லாம் கறுப்பு உளுந்து அளவுக்குப் புள்ளிகள்.

"என்னம்மா இது, அம்மை போட்டிருக்கா?"

"பிரிண்டர் பசியில தின்னாலும் மிச்சம் இருக்கட்டும்னுதான் சார்!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்கள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. பிரிண்டரைத்தான் கிண்டல் செய்தார்கள். நான் சொன்னதை நம்பியிருந்தார்கள்.

ஹாரிமின் படம் கடைசியாக வந்தது. அதில் ஒரு கம்பிகூட இன்னொன்றைக் கடக்கவில்லை. இரண்டு அங்குலத்தில் முடிய வேண்டிய கம்பி தாளின் ஓரம் வரை போய், மூலையில் திரும்பி, பல்புகளைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

"ஏம்மா இவ்ளோ சுத்து?"

"எங்கயும் கடக்கலேன்னா, யாரும் இது சேந்திருக்கு, சேரலன்னு சொல்ல முடியாதுல்ல சார்."

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். சோதனை மேசைக்குப் போய் அந்த நீண்ட சுற்றை அப்படியே இணைத்தாள். கம்பி போதாமல் பக்கத்துக் குழுவிடம் இரண்டு வாங்கினாள். மூன்று பல்பும் எரிந்தன.

அன்று மாலை பியன் டீச்சர் குடையை உதறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், பதினேழு... ஒரிஜினல் ஃபைல்லயே புள்ளி இல்ல."

"செவ்வாக்கிழமை இருக்குன்னு சொன்னீங்களே தாக் சார்?"

"சரியா பாக்கல."

"நல்லா இருக்கே! கண்ணு உங்களுது, கையெழுத்து என்னுது. சேத்து மாட்டிவிட்டுட்டீங்க." குடையைச் சுருட்டினார். "சரி, வாங்க. துணை ஹெச்.எம். வீட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள போயி திட்டு வாங்கிடலாம். நாளைக்கு வச்சுக்கிட்டா ராத்திரி தூக்கம் போயிடும்."

பயந்த அளவுக்குத் திட்டு விழவில்லை. பள்ளியின் தேர்வுக் குழு கூடியது. இரண்டு, ஐந்து, இரண்டுமே சரியான விடை என்று முடிவாயிற்று. யாருக்கும் மதிப்பெண் குறையாது. நடந்தது என்ன என்று நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும். எனக்கு ஓர் எச்சரிக்கை வரும். 'மூலப் படத்தில் புள்ளி விடுபட்டிருந்ததை மறுபடி சரிபார்க்கையில் கண்டறிந்தேன்' என்று எழுதினேன். ஹாரிமின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவள் எப்போது வந்தாள், வந்தபோது நான் என்ன சொன்னேன் என்றெல்லாம் எழுத வேண்டிவரும்.

துணைத் தலைமையாசிரியர் படித்துவிட்டுத் தலையாட்டினார். "தப்பு யாருக்கும் வரும். நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க, அதுதான் பெருசு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதிய பட்டியல் புதன்கிழமை வந்தது. நூற்று அறுபத்திரண்டு பேரும் மறுபடி கையெழுத்திட்டார்கள். ஹாரிமுக்கு 90.3. வகுப்பு கலைந்த பிறகு அவளை நிறுத்தினேன். சொல்ல வேண்டியதை நடைபாதையில் நடந்து நடந்து பழகி வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது அதில் எதுவும் வரவில்லை.

"அன்னிக்கு ஃபைல்ல புள்ளி இல்லம்மா. நீ போனதுக்கப்புறம் நான்தான் வச்சேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"மேல ரெண்டு புள்ளி இருந்துச்சுல்ல, ஆ பல்புக்கு ரெண்டு பக்கமும். அது ரெண்டும் சின்னது. இது கொஞ்சம் பெருசு."

"அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்ட?"

பையின் வாரைக் கையில் சுற்றினாள். "அம்மாகிட்ட சொன்னேன். மீன் வெட்டிக்கிட்டே கேட்டாங்க. லெட்டர் எழுதப்போறது யாருன்னு கேட்டாங்க. நீங்கன்னு சொன்னேன். அப்ப வாய மூடிக்கிட்டுப் போடு, நாலு மார்க்கு போனா போவுதுன்னாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"சார், லெட்டர பியன் டீச்சர்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. கேளு."

குனிந்து வணங்கினாள். எப்போதும் வணங்குகிற அதே அளவு.

மறுநாள் பியன் டீச்சர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் சிபாரிசுக் கடிதப் படிவம். ஒரு மணி நேரமாக அதில் பள்ளியின் பெயரைத் தவிர எதுவும் இல்லை.

"உங்க பொண்ணு எங்கிட்ட வந்து நிக்குது. ஏன்னு கேட்டா சிரிக்குது. அவளுக்கு ரெண்டு வருஷமா பாடம் எடுக்கறது நீங்க. நான் என்னத்தை எழுதறது? 'ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி'ன்னா நூறு பேருக்கு எழுதினதுதான். இவளுக்குன்னு ஒண்ணு சொல்லுங்க."

"பதினேழாவது கேள்வி."

"என்ன அதுக்கு?"

"நூத்தி அறுபத்திரண்டு பேர்ல படத்துல இருந்தத மட்டும் பாத்தது அவ ஒருத்திதான். நோட்டோட வந்து என்கிட்ட காட்டினா. கண்டுபிடிச்சது நான் இல்ல டீச்சர்."

பேனாவை மூடி கழற்றாமலே பிடித்திருந்தார். "உங்க விளக்கத்துல அப்படி இல்லையே. மறுபடி சரிபாக்கறப்ப நீங்க கண்டுபிடிச்சதால்ல இருக்கு? ரெண்டு காகிதமும் இதே ஆபீஸ்ல, இதே பீரோவுலதான் இருக்கப்போவுது. நான் ஒண்ணு எழுதி, நீங்க ஒண்ணு எழுதியிருந்தா, பொய் சொன்னவளா தெரியப்போறது யாரு? அந்தப் பொண்ணுதான்."

அதில் மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இல்லை. கணினியைத் திறந்து என் விளக்கத்தை எடுத்தேன். 'மறுபடி சரிபார்க்கையில் கண்டறிந்தேன்' என்ற வரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன்: செவ்வாய்க்கிழமை மதியம் மாணவி யோ ஹாரிம் பிழையைச் சுட்டிக்காட்டினார். அன்று ஒன்று நாற்பதுக்கு மூலப் படத்தில் நான் புள்ளியைச் சேர்த்து, முன்பே இருந்ததாக அவரிடம் காட்டினேன்.

பியன் டீச்சர் என் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். நாற்காலியைத் தன் மேசைக்குத் திருப்பி இழுத்துக்கொண்டு போய், பேனா மூடியைக் கழற்றினார்.

துணைத் தலைமையாசிரியர் ஜன்னலோரம் காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தாளை இரு கையாலும் நீட்டினேன்.

"இதத்தான் முந்தாநாளே குடுத்துட்டீங்களே. எதுனா மாத்தமா?"

"ஆமா சார்," என்றேன். "ரெண்டு வரி."

அவர் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.