புற்றுக்கு ஊற்றிய பால்

நல்லேப்பிள்ளிக் களத்துமேட்டில் மத்தியாஸ் கதையை முடித்தபோது ஒருவரும் கை நீட்டவில்லை. அம்மைக்குத்து போட வந்தவருக்கு அந்த வாரத்தில் இது ஒன்பதாவது ஊர். சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் ஊசிக்குப் பயந்து ஒளிந்த தன் தம்பி செத்துப்போன கதை. சொல்லிச் சொல்லி அவர் குரல் கட்டியிருந்தது.

"கதை நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் மருதாத்தாள், இடுப்பிலிருந்த மகளை இறுக்கிக்கொண்டு. "ஆனா எங்க பண்ணாடி போன வருசம் உங்கள வாசல்லயே தொரத்தி உட்டாரு. அவரு ஊட்டுல அம்மை எட்டிப் பாத்துதுங்களா?"

"பேரன் செத்தானேம்மா?"

"அது பாம்புங்க. பாம்புக்கும் ஊசி இருக்குதுங்களா?"

களம் சிரித்தது. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நிலக்காரர், பண்ணாடி கந்தப்பன் சிரிக்கவில்லை.

எங்கூட்டுப் பிள்ளை மேல் கண்டவன் கை படக்கூடாது என்று துரத்தியவர் அவர்தான். மூன்று வாரத்தில் பேரனுக்கு அம்மை கண்டது. யாருக்கும் தெரியாமல் தோட்டத்துச் சாளைக் குடிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். பதினோராம் நாள் போய்விட்டான். துரத்திய வாய்க்கு இது வேண்டும் என்று ஊர் சொல்லுமே. பாம்பு என்று சொல்லிவிட்டார். அவரும் மனைவி முத்தாத்தாளும் மகனும் எட்டு மாதமாக அந்தப் பாம்பைச் சுமந்தார்கள்.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் மறுபடியும் அம்மை கண்டிருந்தது. மத்தியாஸ் பெட்டியை மூடினார்.

"பெட்டிய மூடாதீங்க," என்றார் கந்தப்பன். எழுந்து நிற்க இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருந்தது. "பாம்பில்ல, மருதாத்தா. அம்மைதான். நான்தான் குத்த உடல."

மருதாத்தாள் வெடித்தாள்.

"உங்கூட்டு மேல நாகதோசம்னு நெனச்சு, எம்புள்ளைக்கு வெச்ச பால நாப்பது நாளு புத்துல ஊத்துனனே பண்ணாடி! உங்க பேச்ச நம்பி இவளையும் வாரிக் குடுத்திருப்பனே!"

"ஏய், மருவாதயாப் பேசு," என்று முன்னால் வந்தான் மகன்.

"உடுறா. பேசட்டும்."

இந்த மண்ணில் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. தலை குனியாமல் நின்று கேட்டுக்கொண்டார். அதற்கு மட்டுமே தெம்பு இருந்தது.

மருதாத்தாள் குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். குழந்தை வீறிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

மத்தியாஸ் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "நாளைக்குச் சித்தூர்ப் பக்கம் போறேன்யா. இத அங்கன சொல்லட்டுமா? பேரச் சொல்ல மாட்டேன்."

கந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். சித்தூரில்தான் சம்பந்தி வீடு. அவர்களிடமும் பாம்பு என்றுதான் சொல்லியிருந்தார்.

"பேரச் சொல்லியே சொல்லுங்க. இல்லாட்டி அங்கயும் கதைன்னு சிரிப்பாங்க."

களத்தில் உண்மையை உடைத்துவிட்டதை, மகன் முந்திக்கொள்வதற்குள் முத்தாத்தாளிடம் தானே சொல்ல வேண்டும். அவர் வரப்பில் இறங்கி நடந்தார்.